இருநூற்றுப் பதினொருவர்

மார்ஷ்ஃபெர்ரி நகர மன்றத்தின் நிலவறையில்
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் பகலெல்லாம் முனகுகிறது.
பழைய பதிவேடுகளோடு நான்.
அடுத்த செவ்வாய்க்கிழமை மாடியில் வாக்கெடுப்பு:
உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கூரை போடுவதா, வேண்டாமா.

ஒழுகுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.
வேதியியல் கூடத்தில் மட்டும் ஏழு வாளிகள்.
யார் காசு என்பதுதான் பேச்சு.

இந்த ஊர் முன்பு எப்போதாவது
பள்ளிக்குப் பணமில்லை என்று சொல்லியிருக்கிறதா?
இரண்டு வரியில் பதில் வேண்டும் என்று
மஞ்சள் சீட்டு ஒன்று இறங்கி வந்தது.

சொல்லியிருக்கிறது.
ஆயிரத்து எண்ணூற்று அறுபது, இதே மார்ச்.
முதுகு உதிரும் கன்றுத்தோல் ஏடு.
பள்ளிக்கு வயது இரண்டு.
கட்டணம் கிடையாது, ஊர் வரியில் நடந்தது.
லத்தீன், அல்ஜீப்ரா, மாலுமிக் கணக்கு.
மூடு என்றவர்கள் இருநூற்றுப் பதினொருவர்.
மூடாதே என்றவர்கள் தொண்ணூற்றாறு.

ரகசிய வாக்கு இல்லை.
பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.
எழுத்தர் ஒரு படி மேலே போய்
பெயருக்கு நேரே தொழிலையும் எழுதிவைத்திருக்கிறார்.

கஞ்சர்களைத்தான் எதிர்பார்த்துப் புரட்டினேன்.
பூட்ஸ் தைப்பவர், பூட்ஸ் தைப்பவர், மீனவர்,
பூட்ஸ் தைப்பவர், கயிறு திரிப்பவர், பூட்ஸ் தைப்பவர்,
இப்படியே நான்கு பக்கம்.
பள்ளி வேண்டும் என்று எழுந்தவர்கள்
கப்பல் முதலாளிகள், வக்கீல்கள், போதகர்,
பட்டறை வைத்திருந்த எலிஃபலெட் ஸ்டோன்.

பட்டறைகளில் அது வேலைநிறுத்தக் காலம்.
ஜோடிக்குக் கொடுத்த கூலி பாதியாகியிருந்தது.
கூலியைக் குறைத்தவரின் பிள்ளைக்கு லத்தீன்,
அதற்கு என் தலையில் வரியா என்று
அசாஹெல் பிக்கெட் கேட்டிருக்கிறார்.
பிறகு, எழுத்தர் மேற்கோள் குறிக்குள்:
"முப்பத்தொரு மேசை. எங்கள் தெருவுக்கு ஒன்று."

அந்த ஒன்று யாருடையது?
வருகைப் பதிவேடு வேறு அலமாரியில் இருந்தது.
சாப்பாட்டு நேரம் போயிற்று.

தேங்க்ஃபுல் பிக்கெட், வயது பதினைந்து.
அசாஹெலின் மகள்.
வியாழனும் வெள்ளியும் வரவில்லை,
காரணம், வீட்டில் மேல்தோல் தைக்கிறாள்.
வந்த நாட்களில்
அல்ஜீப்ராவில் அவளுக்கு மேலே யாருமில்லை.

தன் மகள் உட்கார்ந்திருந்த மேசையை
எடுத்துவிடச் சொல்லித்தான் எழுந்து நின்றிருக்கிறார்.

ஏன் என்று ஏட்டில் இல்லை.
சுற்றிலும் தோழர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
அவர்கள் பிள்ளைகளுக்கு மேசை இல்லை,
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேசினார்கள்
என்பதை நான் எழுதினால் அது பொய்.

மூன்று வருடம் கழித்து,
சட்டம் நெருக்கியதால் திறந்தார்கள்.
மாணவர் பட்டியலில் அவள் இல்லை, பதினெட்டு ஆகிவிட்டது.
செலவுக் கணக்கில் ஒரு வரி:
கூடம் பெருக்க, டி. பிக்கெட், மாதம் ஒரு டாலர்.
அவளாக இருக்கலாம்.
டிமதி என்று தம்பி ஒருவன் உண்டு, அவனாகவும் இருக்கலாம்.
இரண்டு மணி நேரம் தேடினேன்.

என் எதிர்வீட்டு டுவார்ட்டே நண்டுப் படகுக்காரர்.
புல்வெளியில் பலகை நட்டிருக்கிறார்: கூரைக்கு வேண்டாம்.
அன்றிலிருந்து அவர் கையசைத்தால்
நான் தபால் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.
பள்ளிப் பேருந்து பாலத்தோடு திரும்பிவிடுகிறது,
அவர் பேரன்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

என் ஓட்டு கூரைக்குத்தான். அதில் மாற்றமில்லை.

சீட்டின் பின்புறம் இரண்டு வரி எழுதினேன்.
ஆம், ஒருமுறை. இருநூற்றுப் பதினொன்றுக்குத் தொண்ணூற்றாறு.
அதோடு, யாரும் கேட்காத
அந்த நான்கு பக்கங்களையும் நகலெடுத்து
தொழில்கள் தெரியும்படி மேலே வைத்து அனுப்பினேன்.